கழன்றதா, குழாயில் தொலைந்ததா: ஹீலா செல்களோடு ஆறு வாரம்

முதல் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவு வாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் சோதனை) மைட்டோசிஸ் லேன், அதாவது பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் சாம்பிள் ஓடிய வரிசை, கிட்டத்தட்ட காலியாக இருந்தது. நான் பார்க்க வந்த விஷயமே அந்த ஒரு லேனில்தான் இருந்தது. நள்ளிரவு தாண்டி இமேஜர் முன்னால் உட்கார்ந்து எக்ஸ்போஷரைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், பின்னணிதான் கறுத்தது. அதற்குப் பிறகு ஆறு வாரம் எங்கே தப்பு நடந்தது என்று தேடியதை இங்கே எழுதி வைக்கிறேன். புரோட்டோகால் தாள்கள் இந்த இடங்களை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன, இதே வேலையில் இறங்கும் இன்னொருவருக்கு இது ஒரு மாத உழைப்பையாவது மிச்சப்படுத்தும் என்று நம்புகிறேன்.

நான் செய்ய நினைத்தது இதுதான். செல் ஜி1 (வளர்ச்சி), எஸ் (டி.என்.ஏ நகலெடுப்பு), ஜி2 (பிரிவதற்கான தயாரிப்பு), எம் (மைட்டோசிஸ்) என்று சுற்றி வரும்போது குரோமாட்டினோடு, அதாவது டி.என்.ஏவும் புரதமும் சேர்ந்த இழையோடு, ஒட்டியிருக்கும் புரதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டி.என்.ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்கள் நிரந்தரக் குடியிருப்பு, டி.என்.ஏவின் எடைக்கு ஏறக்குறைய சமமான எடை. மற்றவை வந்து போகிறவை. ஜி1 கட்டத்தில், நகலெடுப்புக்காக டி.என்.ஏவைப் பிரித்துத் திறக்கும் எம்.சி.எம் புரத வளையங்கள் டி.என்.ஏமேல் கோக்கப்படும், எஸ் கட்டத்தில் நகலெடுப்பு முடிய முடிய இறங்கிவிடும். நகலான இரண்டு இழைகளையும் கொஹீசின் என்ற புரதக் கூட்டு சேர்த்துப் பிடித்திருக்கும். மைட்டோசிஸ் நெருங்கும்போது அரோரா பி என்ற கைனேஸ், எச்3 ஹிஸ்டோனின் 10ஆவது இடத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றும். இது ஜி2 கடைசியில் சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்பு) பக்கத்தில் தொடங்கிக் குரோமோசோமின் கைகளுக்குப் பரவும். அடுத்த வீட்டில், அதாவது 9ஆவது லைசினில், மூன்று மெத்தில் (சின்ன வேதிக் குழுக்கள்) உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் எச்.பி.1 புரதம் பக்கத்தில் பாஸ்பேட் வந்ததும் பிடியை விட்டுவிடும், மெத்தில் மட்டும் அங்கேயே இருக்கும். இதை 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. குரோமோசோமைச் சுருட்டி இறுக்கும் கான்டென்சினில் இரண்டு வகை உண்டு: இரண்டாம் வகை எப்போதும் நியூக்ளியஸுக்குள்ளேயே இருக்கும், முதல் வகை வெளியே காத்திருந்து நியூக்ளியஸின் உறை உடைந்ததும் குரோமோசோம் மேல் ஏறும். இந்த வரவு செலவு முழுவதையும் மணிக்கணக்கு வாரியாக ஒரே பிளாட்டில் பார்க்க ஆசைப்பட்டேன்.

எடுத்துக்கொண்டது ஹீலா செல்கள். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்து வளர்க்கப்பட்டவை. ஃபிளாஸ்க்கைத் திறக்கும்போதெல்லாம் அந்த விஷயம் எனக்கு ஞாபகம் வரும். செல் சுழற்சி ஆய்வில் இன்றுவரை பலர் இதைத்தான் பிடிக்கிறார்கள், காரணம் இவற்றை ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவது சுலபம்.

ஒரே நேரத்துக்குக் கொண்டுவர இரண்டு வழி வைத்திருந்தேன். எஸ், ஜி2 சாம்பிள்களுக்கு இரட்டைத் தைமிடின்: 2 மில்லிமோலார் தைமிடின் 18 மணிநேரம், கழுவி 9 மணிநேரம் விட்டு, மறுபடி 2 மில்லிமோலார் 16 மணிநேரம். தைமிடின் அதிகமானால் செல்லுக்குள் டி.டி.டி.பி (டி.என்.ஏவின் ஒரு கட்டுமானத் துண்டு) குவியும், அது அந்தத் துண்டுகளைத் தயாரிக்க வேண்டிய ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்ற நொதியை அடக்கும், டி.சி.டி.பி என்ற இன்னொரு துண்டு பற்றாக்குறையாகும், நகலெடுப்பு வாசலிலேயே நின்றுபோகும். கழுவிவிட்டால் எல்லாச் செல்லும் சேர்ந்து எஸ் கட்டத்துக்குள் நுழையும். மைட்டோசிஸுக்கு வேறு வழி: தைமிடின் 24 மணிநேரம், கழுவி 3 மணிநேரம், பிறகு ஒரு மில்லிக்கு 100 நானோகிராம் நோகோடசோல் 12 மணிநேரம். நோகோடசோல் மைக்ரோடியூபுல்களைக் கலைத்துவிடுவதால் கதிர்க்கோல் உருவாகாது, செல் தன் சோதனைச் சாவடியில் நின்றுவிடும். மாலை 6 மணிக்குத் தைமிடின் போட்டால் மறுநாள் மாலை 6க்குக் கழுவி, இரவு 9க்கு நோகோடசோல் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி, காலை 9 மணிக்கு வந்து அறுவடை செய்யலாம். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டு வையுங்கள், நான் போடாததால் முதல் வாரம் லேபிலேயே படுத்தேன்.

அறுவடை என்றால் தட்டி எடுப்பதுதான், ஷேக்-ஆஃப் என்போம். 1963இல் டெராசிமாவும் டோல்மாக்கும் சொன்ன அதே முறை. பிரிகிற செல் உருண்டையாகித் தரையை விட்டுக் கிளம்பி நிற்கும், ஃபிளாஸ்க்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினால் மீடியத்தில் வந்து மிதக்கும். நோகோடசோல் சேர்ப்பதற்குச் சற்று முன்பே ஒருமுறை தட்டி, செத்த செல்களைக் கொட்டிவிட வேண்டும். கழுவும் உப்புக் கரைசலான பி.பி.எஸ் 37 டிகிரியில் இருக்கட்டும். குளிர்ந்த பி.பி.எஸ்ஸில் கழுவிய என் முதல் ஃபிளாஸ்க் தைமிடினிலிருந்து கிளம்பவே தாமதமாயிற்று.

சரி, செல் வந்தாயிற்று. இனி குரோமாட்டினைப் பிரிக்க வேண்டும். பலரும் பயன்படுத்துவது மென்டெஸும் ஸ்டில்மனும் 2000இல் கொடுத்த முறை: 0.34 மோலார் சுக்ரோஸ், 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, கிளிசரால், 0.1 சதவீதம் டிரைட்டன் (செல் சவ்வைத் திறக்கும் சோப்பு மாதிரி) உள்ள பஃபரில் 5 நிமிடம் ஐஸில் வைத்து, 1300 ஜியில் (புவியீர்ப்பைப்போல 1300 மடங்கு விசையில்) 4 நிமிடம் சுற்றினால் நியூக்ளியஸ் கீழே உட்காரும். மேலே நிற்கும் திரவத்தை எடுத்துவிட்டு, இ.டி.டி.ஏ உள்ள பஃபரில் நியூக்ளியஸை உடைத்து 1700 ஜியில் சுற்றினால் குரோமாட்டின் பெல்லட்டாக வரும். அந்த பெல்லட்டை எஸ்.டி.எஸ் பஃபரில் போட்டதும் வெண்டைக்காய் நறுக்கின கத்தி மாதிரி நூல் நூலாக இழுக்கும், பிப்பெட்டில் ஏறாது. சோனிகேட்டரில் நாலைந்து முறை அடித்தால் தண்ணீராகிவிடும்.

ஹிஸ்டோனுக்கு 15 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் மெம்பிரேன். 0.45 போட்டால் எச்3 மாதிரிச் சின்ன புரதம் அதைத் தாண்டி மறுபக்கம் போய்விடும்.

இப்படி எல்லாம் செய்துதான் அந்தக் காலி லேன் வந்தது. பாஸ்போ எச்3 (செரின் 10இல் பாஸ்பேட் ஏறிய எச்3) மங்கல், எச்.பி.1 இல்லை, ராட்21 இல்லை, கேப்-எச் இல்லை. எச்.பி.1 இல்லாதது சரிதான், அது எம் கட்டத்தில் கழன்றுவிடும். ராட்21 குறைவதும் சரி, அது கொஹீசினின் ஒரு பாகம். ஆனால் கான்டென்சின் ஒன்றின் பாகமான கேப்-எச் அந்த நேரத்தில்தான் குரோமோசோமில் நிறைய இருக்க வேண்டும். எதிர்பார்த்தது பாதி நடந்திருந்தால் மனம் அதைப் பிடித்துக்கொண்டு மீதிக்கு ஏதாவது சமாதானம் சொல்லும். நானும் இரண்டு நாள் கேப்-எச் ஆன்டிபாடி பழசாகிவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது சாதாரண எச்3 பட்டை, லோடிங் சரியா என்று பார்க்கப் போடுவோமே, அதுதான். ஒவ்வொரு லேனிலும் ஒரே எண்ணிக்கை செல் ஏற்றியிருந்தேன். நகலெடுப்பு முடிந்த செல்லில் ஜி1 செல்லைப்போல இரண்டு மடங்கு டி.என்.ஏ, ஆகவே இரண்டு மடங்கு ஹிஸ்டோன். அப்படியானால் எம் லேனில் எச்3 பட்டை ஜி1ஐவிட இரட்டிப்பாக வந்திருக்க வேண்டும். வந்ததோ பாதிகூட இல்லை. ஹிஸ்டோன் குரோமோசோமை விட்டு எங்கேயும் போகாது, அதனால் குரோமோசோமே என் குழாயில் இல்லை என்றுதான் அர்த்தம். இந்தக் கணக்கு முதல் நாளே என் தலையில் வந்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். எண்ணிக்கையைச் சமமாக வைத்து ஏற்றுங்கள், எச்3 இரட்டிப்பாகிறதா என்று பாருங்கள், அதற்கு அப்புறம் எச்3ஐ வைத்து மற்றதைச் சமப்படுத்துங்கள். முதலிலேயே சமப்படுத்திவிட்டால் தொலைந்தது தெரியாமலே போய்விடும்.

எங்கே போயிற்று என்று தேட ஜெல் தேவைப்படவில்லை. 1300 ஜி சுற்றில் மேலே நின்ற திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து, டி.என்.ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாப்பி சாயம் கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வெறும் இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் நீலத் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன, சில தனித்தனி குரோமோசோம்கள், எக்ஸ் வடிவம்கூடத் தெரிந்தது. பார்க்க அழகுதான், வயிறு மட்டும் எரிந்தது. யோசித்தால் காரணம் எளிது. அந்த முறை முழு நியூக்ளியஸை மனதில் வைத்து எழுதப்பட்டது. எம் கட்டத்தில் நியூக்ளியஸ் உறையே கிடையாது, டிரைட்டன் வெளிச்சவ்வைத் திறந்தவுடன் எழுபது எண்பது குரோமோசோமும் தனித்தனியாகவும் கொத்தாகவும் வெளியே வரும் (ஹீலாவில் 46 இல்லை, அவ்வளவு உண்டு). நியூக்ளியஸ் உட்காரும் வேகத்தில் தனிக் குரோமோசோம் முழுதாக உட்காராது. அதன்மேல் நான் இரண்டாவது பஃபரில் இ.டி.டி.ஏவைப் போட்டேன், அது மெக்னீசியத்தைப் பறித்துக்கொண்டால் குரோமோசோம் ஊறின அப்பளம் மாதிரி உப்பும், உப்பினால் இன்னும் லேசாகும்.

மாற்றியது இரண்டு இடத்தில். பஃபரில் 0.2 மில்லிமோலார் ஸ்பெர்மினும் 0.5 மில்லிமோலார் ஸ்பெர்மிடினும் சேர்த்தேன். மைட்டோசிஸ் குரோமோசோமைத் தனியாக எடுப்பவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவு அது, இந்த பாலிஅமீன்கள் டி.என்.ஏமேல் ஒட்டிக் குரோமோசோமை இறுக்கமாக வைத்திருக்கும். இ.டி.டி.ஏ படியை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகக் குழாயின் அடியில் 1 மோலார் சுக்ரோஸ் அடுக்கு ஊற்றி, அதன்மேல் லைசேட்டை மெதுவாக விட்டு 10,000 ஜியில் 15 நிமிடம். வேகத்தைக் கூட்டினால் வேண்டாத குப்பையும் சேர்ந்து இறங்குமே என்ற பயம் நியாயமானது, அதனால் ஜி.ஏ.பி.டி.எச் ஆன்டிபாடி போட்டுப் பார்த்தேன், சைட்டோபிளாசப் புரதமான அது பெல்லட்டில் வரவில்லை. மேல் திரவத்தில் டாப்பி சொட்டும் இருட்டாக இருந்தது. முக்கியமான ஒன்று: இந்த மாற்றத்தை எம் சாம்பிளுக்கு மட்டும் செய்யாதீர்கள், ஜி1, எஸ், ஜி2 எல்லாவற்றுக்கும் ஒரே பஃபர், ஒரே வேகம், இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இந்த மாற்றத்துக்குப் பிறகு எச்3 இரட்டிப்பாக வந்தது, கேப்-எச்சும் வந்தது. பாஸ்போ எச்3 மட்டும் இன்னமும் மங்கல்.

இதற்குக் காரணம் ஃப்ரீசரில் 'பாஸ்பட்டேஸ் இன்ஹிபிட்டர்' என்று ஒட்டியிருந்த குழாய். முன்னால் யாரோ செய்து வைத்தது, நோட்டுப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தால் உள்ளே இருந்தது சோடியம் ஆர்த்தோவனடேட் மட்டும்தான். அது டைரோசினிலிருந்து பாஸ்பேட்டை எடுக்கும் நொதிகளைத் தடுக்கும். செரின் 10இல் இருக்கும் பாஸ்பேட்டை உரிப்பது பி.பி.1 என்ற வேறொரு பாஸ்பட்டேஸ், அதன்மேல் வனடேட்டுக்குப் பிடி கிடையாது. உயிருள்ள செல்லில் பி.பி.1 அனாஃபேஸுக்கு (குரோமோசோம்கள் இரு பக்கமாகப் பிரியும் கட்டம்) அப்புறம்தான் இந்த வேலையைச் செய்யும், அதுவரை கட்டிப்போட்டு வைத்திருப்பார்கள். நான் செல்லை உடைத்ததும் கட்டு அவிழ்ந்துவிடும், ஐஸில் வைத்தால் மெதுவாகும், நிற்காது. 10 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடும் 20 மில்லிமோலார் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் சேர்த்து, லைசிஸ் பஃபரில் கொஞ்சம் ஒகடாயிக் அமிலமும் விட்டதும் பட்டை நன்றாகக் கறுத்து வந்தது. ஒகடாயிக் அமிலத்தை உயிருள்ள செல்லில் ஊற்றிவிடாதீர்கள். பாஸ்பட்டேஸ்களை அடக்கினால் ஜி2 செல்கூட நேரம் வருமுன்பே குரோமோசோமைச் சுருட்டத் தொடங்கும், பிறகு நீங்கள் பார்ப்பது மருந்து செய்த வேலையாகிவிடும். உடைக்கும் பஃபரில் மட்டும்.

மூன்றாவது ஏமாற்றம் 9ஆவது லைசினில் இருக்கும் மூன்று மெத்திலில். எம் லேனில் அந்தப் பட்டையும் சட்டென்று சரிந்தது. மெத்தில் அப்படியே நிற்கிறது, எச்.பி.1தான் விடுகிறது என்று மேலே எழுதினேனே, அதற்கு இது நேர் எதிர். எச்3 சரியாக இருக்கிறது, இன்ஹிபிட்டர் புதுசு. பிறகுதான் உறைத்தது, ஆன்டிபாடியும் எச்.பி.1 மாதிரி ஒரு புரதம்தானே! பக்கத்தில் பாஸ்பேட் வந்து உட்கார்ந்தால் அதற்கும் மெத்திலைப் பிடிக்க இடம் கிடைக்காது. அதே சாம்பிளை இன்னொரு மெம்பிரேனில் ஏற்றி, ஆன்டிபாடி போடுமுன் லாம்ப்டா பாஸ்பட்டேஸில் ஊறவைத்து பாஸ்பேட்டை உரித்தேன். மெத்தில் பட்டை எம் லேனில் திரும்ப வந்தது. அந்த மாலைப் பொழுதை மறக்க முடியாது, இரண்டு மெம்பிரேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஹிஸ்டோன் வாலில் பத்தே அமினோ அமிலத்துக்குள் நடக்கிற விஷயத்தை, செல்லுக்குள் எச்.பி.1க்கு என்ன நடக்கிறதோ அதையே, என் மெம்பிரேனில் ஆன்டிபாடி எனக்கு நடித்துக் காட்டியது.

இந்தச் செல்களையே கண்ணாடியில் ஒட்டி ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திப் படமெடுக்கலாமே என்று லேபில் கேட்டார்கள். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. 2016இல் சாக்ஸ்2 போன்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களை (ஜீன்களை இயக்கி நிறுத்தும் புரதங்களை) உயிருள்ள செல்லிலேயே பார்த்தபோது அவை மைட்டோசிஸ் குரோமோசோமில் இருக்கின்றன, ஃபார்மால்டிஹைட் ஊற்றியதும் அதே புரதம் குரோமோசோமை விட்டு விலகி நிற்கிற மாதிரி தெரிகிறது என்று காட்டினார்கள். வேகமாக ஒட்டி விலகும் புரதங்களை அந்த மருந்து பிடிக்கும் முன்பே அவை வெளியே போய்விடுகின்றன. எம் கட்டத்தில் எல்லாமே குரோமோசோமிலிருந்து துரத்தப்படுகின்றன என்று பல வருடம் நம்பப்பட்டதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. என் மைட்டோசிஸ் லேன் காலியாக இருந்ததைப் பார்த்து நானும் அதைத்தான் நம்பியிருப்பேன்.

எல்லாம் சரிசெய்து மூன்று முறை ஓட்டியதில் வந்த படம் இது. எம்.சி.எம்2 ஜி1 குரோமாட்டினில் பலமாக, எஸ் தொடங்கி 3 மணிநேரத்தில் குறைந்து, 8 மணிநேரத்தில் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் செல்லின் மொத்த அளவு மாறவே இல்லை, இருக்கும் இடம்தான் மாறுகிறது. டி.என்.ஏ சிக்கலை அவிழ்க்கும் நொதியான டோப்போ 2 ஆல்ஃபா அப்படியில்லை, ஜி1இல் மொத்தமே குறைவு, எஸ் தாண்டி ஜி2வில் ஏறி, எம்மில் உச்சம். ஹிஸ்டோன்களை உரித்த பிறகும் குரோமோசோமின் வடிவம் ஒரு சட்டகமாக நிற்கிறது என்று பால்சனும் லெம்லியும் 1977இல் காட்டினார்கள் அல்லவா, அந்தச் சட்டகத்தின் முக்கியப் புரதங்களில் ஒன்று இதுதான், இன்னொன்று கான்டென்சினின் எஸ்.எம்.சி2. அந்த எஸ்.எம்.சி2 ஜி2விலேயே குரோமாட்டினில் ஓரளவு இருக்கிறது, அது இரண்டாம் வகைக் கான்டென்சினுடையது. கேப்-எச் எம்மில் மட்டும் வருகிறது, அதுவும் பாஸ்பேட் ஏறியதால் ஜெல்லில் கொஞ்சம் மேலே நகர்ந்து.

ராட்21தான் எனக்குப் பிடித்தது. (இதன் கணக்கு எடை 72 கிலோடால்டன், ஜெல்லில் 120க்கு மேல் ஓடும், தவறான பட்டை என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள்.) எம் லேனில் பெரும்பகுதி போய்விட்டது, ஆனால் மெல்லிய பட்டை ஒன்று விடாமல் நின்றது. குரோமோசோமின் கைகளில் இருக்கும் கொஹீசினை புரோஃபேஸிலேயே (மைட்டோசிஸின் தொடக்கக் கட்டம்) பி.எல்.கே1, வாப்பல் என்ற புரதங்கள் சேர்ந்து கழற்றிவிடும், சென்ட்ரோமியரில் இருப்பதை மட்டும் ஷுகோஷின் என்ற புரதம் காவல் காக்கும், செபரேஸ் என்ற நொதி வந்து வெட்டும்வரை. இந்த இரண்டு வழியையும் வியன்னாவில் பீட்டர்ஸின் குழு 2000இல் பிரித்துக் காட்டியது. ஷுகோஷின் என்றால் ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம், நம் ஊர் எல்லையில் நிற்கிற ஐயனார் மாதிரி. அந்த மெல்லிய பட்டை அவர் காத்து வைத்தது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு எச்சரிக்கை: நோகோடசோலில் 12 மணிநேரம் நிறுத்திய செல்லில் கைகளிலிருந்து கழற்றும் வேலைக்கு அளவுக்கு மீறிய நேரம் கிடைக்கிறது, இயல்பாக ஓடும் மைட்டோசிஸ் ஒரு மணிநேரத்தை ஒட்டியதுதான். அதனால் நோகோடசோல் இல்லாமல் இரட்டைத் தைமிடினிலிருந்து விட்டு 9 மணிநேரத்தில் தட்டி எடுத்த செல்லிலும் பார்த்தேன். கிடைப்பது கொஞ்சம்தான், ஒரு லேனுக்கு ஆறு ஃபிளாஸ்க் ஆயிற்று. ராட்21 அதில் கூடுதலாக இருந்தது.

கடைசியாகப் பார்த்தது வெளியே வரும் வழி. நோகோடசோலைக் கழுவிவிட்டு 30, 60, 90, 120 நிமிடம். 60இல், செல்லை மைட்டோசிஸில் பிடித்து வைக்கும் சைக்ளின் பி1 சரிந்தது, 90இல் பாஸ்போ எச்3 மங்கியது, அது மங்கும்போதே எச்.பி.1 திரும்பக் குரோமாட்டினில் ஏறியது, ராட்21ம் பின்னாலேயே. 120 நிமிட லேனில் எம்.சி.எம்2 இருக்கிற இடத்தில் ஏதோ ஒரு நிழல். லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கை, "அக்கா, இது பட்டையா, பின்னணியா?" என்று கேட்டாள். வளையங்கள் டெலோஃபேஸ் (மைட்டோசிஸின் முடிவுக் கட்டம்) கடைசியிலேயே ஏறத் தொடங்கும், ஆகவே பட்டையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஆசைப்பட்டதைப் பட்டை என்று எழுத எனக்கு இப்போது கை வராது. 150, 180 நிமிடமும் சேர்த்து மறுபடி ஓட்டுகிறோம். நேற்று மாலை 6 மணிக்குத் தைமிடின் போட்டாயிற்று, இன்று இரவு 9 மணிக்கு நோகோடசோல் சேர்ப்பது அவள் முறை.